இடம் மாறிய மரபியல் கிளினிக்குக்குச் செல்லும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

காய்ச்சலுக்கு மருத்துவரைப் பார்க்கப் போகிறவர் தன் உடம்போடு போனால் போதும். பரம்பரை நோய்களை ஆராயும் மரபியல் கிளினிக்குக்குப் போகிறவரோ, பிறந்த பத்தாம் நாளில் இறந்துபோன மூத்த குழந்தையின் டிஸ்சார்ஜ் சம்மரி, எட்டு வயதில் நடை தளர்ந்துபோன தாய்மாமனைப் பற்றிய பாட்டியின் நினைவு, முன்பு கலைந்த இரண்டு கர்ப்பங்களின் ஸ்கேன் அறிக்கைகள் என்று குடும்பத்தின் மூன்று தலைமுறையையே உடன் கொண்டுபோக வேண்டியிருக்கிறது. இப்படிப் பல குடும்பங்களின் விவரங்களும் இரத்த மாதிரிகளும் ஆண்டுக்கணக்கில் சேர்ந்திருக்கும் ஒரு கிளினிக், பழைய கட்டடத்தைக் காலி செய்துவிட்டு வேறு இடத்துக்குப் போகும்போது, புது முகவரியைத் தெரிந்துகொண்டால் போதும் என்றே பெரும்பாலோர் நினைக்கிறார்கள். முகவரி தெரியாமல் அலைந்தால் அரை நாள்தான் வீணாகும். மற்ற தவறுகளின் விலை அதைவிட மிகப் பெரியது.

முகவரியைப் பற்றி ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். கிளினிக்குகள் ஒரே நாளில் முழுவதுமாக இடம் மாறுவது அபூர்வம். மருத்துவர் உட்காரும் அறை முதலில் போகும். ஆய்வகக் கருவிகளைப் பிரித்து, மீண்டும் பொருத்திச் சரிபார்க்க வேண்டியிருப்பதால் ஆய்வகம் பிறகு போகும். ஆகவே முந்தைய நாளே தொலைபேசியில் அழைத்து, மருத்துவரைப் பார்ப்பது எங்கே, இரத்தம் எடுப்பது எங்கே, அறிக்கை வாங்குவது எங்கே என்று மூன்றையும் தனித்தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள். பழைய ஓபி சீட்டின் எண் புது இடத்திலும் செல்லுமா என்பதையும் அப்போதே கேட்டுவிடலாம்.

'எங்கள் ஃபைல் அங்கேதான் இருக்கிறது' என்ற நம்பிக்கையில் வெறுங்கையோடு போவதே நான் அடிக்கடி பார்க்கும் தவறு. கருவுக்குச் செய்யும் பரிசோதனைகளின் ஆவணங்களைக் கிளினிக்குகள் 2 ஆண்டுகள் பாதுகாத்தாக வேண்டும் என்கிறது 1994ஆம் ஆண்டின் கருவின் பாலினத் தேர்வுத் தடைச் சட்டம். உள்நோயாளிகளின் பதிவேடுகளை மருத்துவர்கள் 3 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்பது இந்திய மருத்துவக் கழகத்தின் 2002ஆம் ஆண்டு ஒழுக்க விதி. அதற்குப் பிறகும் பல இடங்களில் பழைய கோப்புகளை வைத்திருப்பார்கள் என்றாலும், இடம் மாறும் வேளையில்தான் அலமாரிகள் காலியாகின்றன. ஆறு ஆண்டுக்கு முந்தைய உங்கள் அறிக்கை எந்த மூட்டையில் போனது என்று அங்கிருப்பவர்களுக்கே தெரியாமல் போகலாம். இடமாற்றச் செய்தி காதில் விழுந்த உடனேயே எழுத்து மூலம் விண்ணப்பித்து உங்கள் பதிவேட்டின் நகலை வாங்கிவிடுங்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று அதே விதி சொல்கிறது. அறிக்கையின் முதல் பக்கத்தை மட்டும் நகலெடுத்து வைத்துக்கொள்ளாதீர்கள். எந்த மரபணுவில், எந்த இடத்தில், என்ன மாற்றம் என்ற விவரமும், எந்த முறையில் பரிசோதித்தார்கள் என்பதும் பெரும்பாலும் பின்பக்கங்களில்தான் இருக்கும். எக்ஸோம் பரிசோதனை (மரபணுக்களில் புரதத்தை உருவாக்கும் பகுதிகளை ஒரேயடியாகப் படித்துப் பார்ப்பது) செய்திருந்தால், ஆய்வகத்திடமிருந்து மூலத் தரவையும் ஒரு பென்டிரைவில் கேட்டு வாங்கலாம். இன்று விடை கிடைக்காத அதே தரவைச் சில ஆண்டுகள் கழித்து மீண்டும் அலசும்போது விடை கிடைப்பதுண்டு.

காகிதத்தைவிட அரிய ஒன்று ஆய்வகத்தின் உறைபெட்டியில் இருக்கிறது. பெற்றோர் இருவருமே, தங்களுக்கு நோய் இல்லாமல், ஒரே நோய்க்கான மரபணு மாற்றத்தைச் சுமப்பவர்களாக இருந்தால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் குழந்தைக்கு அந்நோய் வர 25 சதவீத வாய்ப்பு உண்டு. கடும் இரத்தச்சோகையை உண்டாக்கும் தலசீமியா இப்படித்தான் வருகிறது. அடுத்த கர்ப்பத்தில் கருவைப் பரிசோதிக்க வேண்டுமானால் எதைத் தேடுகிறோம் என்பது முன்பே தெரிந்திருக்க வேண்டும். அதை உறுதியாகச் சொல்லக்கூடியது நோயுற்ற குழந்தையின் டிஎன்ஏ. அந்தக் குழந்தை இறந்துபோயிருந்தால், அன்று எடுத்துச் சேமித்து வைத்த ஒரு சிறு குழாய் டிஎன்ஏதான் அந்தக் குடும்பத்துக்கு எஞ்சியிருக்கும் சாட்சி. அது இல்லாமலும் பெற்றோர் இருவரின் இரத்தத்தை ஒப்பிட்டுத் தேட முடியும். ஆனால் கிடைக்கும் விடையில் அதே உறுதி இருக்காது. எனவே உங்கள் குழந்தையின் மாதிரி சேமிக்கப்பட்டிருந்தால், ஆய்வக எண்ணைக் குறிப்பிட்டு, அது புது இடத்துக்கு வந்து சேர்ந்துவிட்டதா, இன்னும் எவ்வளவு காலம் வைத்திருப்பார்கள் என்று கேளுங்கள். இந்தக் கேள்வியைக் கேட்கத் தாய் தகப்பனுக்கு மனம் வராது என்பது எனக்குத் தெரியும். அவர்களால் முடியாவிட்டால் உடன் போகும் சித்தப்பாவோ அத்தையோ கேட்கட்டும்.

கருவுற்றிருப்பவர்கள் புது இடத்தின் சுவரில் பதிவுச் சான்றிதழ் மாட்டியிருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. மேலே சொன்ன சட்டத்தின்படி மரபியல் ஆலோசனை மையம், ஆய்வகம், கிளினிக் ஆகிய ஒவ்வொன்றும் பதிவு பெற்றிருக்க வேண்டும், சான்றிதழை அனைவர் கண்ணிலும் படும்படி வைக்க வேண்டும். இடம் மாறுவதாக இருந்தால் 30 நாட்களுக்கு முன்பே உரிய அதிகாரிக்குத் தெரிவித்துச் சான்றிதழை மாற்றிப் பெற வேண்டும் என்றும் விதி உண்டு. சான்றிதழில் பழைய முகவரியே இருந்தால், கருவுக்கான பரிசோதனை எதுவும் செய்துகொள்வதற்கு முன்னால் விளக்கம் கேளுங்கள். பனிக்குட நீர் எடுப்பது போன்ற பரிசோதனைக்கு உங்களுக்குப் புரியும் மொழியில் விளக்கி, எழுத்து மூலம் ஒப்புதல் வாங்கி, அதன் நகலை உங்களிடம் தர வேண்டும் என்பதும் சட்டம். படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். ஆணா பெண்ணா என்று மட்டும் யாரும் கேட்க வேண்டாம். அதைச் சொல்வது குற்றம், சொல்லும்படி கேட்பதும் குற்றம்.

கர்ப்பிணிகள் செய்யும் பெரிய தவறு, தள்ளிப்போன தேதியை அப்படியே ஏற்றுக்கொள்வது. 'கிளினிக் மாறுகிறது, மூன்று வாரம் கழித்து வாருங்கள்' என்று வரவேற்பறையில் சொன்னால் தலையாட்டிவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். கருவின் கழுத்துப்பகுதித் தடிமனைப் பார்க்கும் ஸ்கேன் 11 முதல் 14 வாரத்துக்குள் செய்ய வேண்டியது. நஞ்சுக்கொடியிலிருந்து திசு எடுப்பதற்கும் ஏறக்குறைய அதே வாரங்கள்தான். பனிக்குட நீர் எடுப்பது 15 வாரத்துக்குப் பிறகு. அந்த நீரிலுள்ள செல்களை வளர்த்து, மரபணுக்களைச் சுமக்கும் குரோமோசோம்களைப் பார்த்து முடிக்க இரண்டு வாரமோ அதற்கு மேலோ ஆகலாம். 2021இல் திருத்தப்பட்ட மருத்துவக் கருக்கலைப்புச் சட்டப்படி 24 வாரத்தைக் கடந்துவிட்டால், கருவில் கடுமையான குறைபாடு இருந்தாலும் மருத்துவ வாரியத்தின் அனுமதி வேண்டும். இந்தக் கணக்கில் மூன்று வாரம் எவ்வளவு பெரியது என்று எண்ணிப் பாருங்கள். எத்தனை வாரக் கர்ப்பம் என்பதைப் பெயருக்கு அடுத்ததாகவே சொல்லிவிடுங்கள். அப்படியும் தேதி கிடைக்காவிட்டால் வேறு மையத்துக்குக் கடிதம் வாங்கிக்கொண்டு போய்விடுங்கள். இதற்கும் மேலான வழி, கருவுறுவதற்கு முன்பே வந்துவிடுவது. எக்ஸோம் பரிசோதனையின் முடிவு வரப் பல வாரங்கள் ஆகும் என்பதால், கர்ப்பம் தரித்த பிறகு மூத்த குழந்தையின் நோய்க்குக் காரணம் தேடத் தொடங்கினால் பெரும்பாலும் நேரம் போதாது.

உள்ளே போனதும் மருத்துவரோ ஆலோசகரோ குடும்ப மரத்தை வரைவார்கள். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், இறந்தவர்மீது ஒரு சாய்ந்த கோடு, சொந்தத்தில் நடந்த திருமணத்துக்கு இரட்டைக் கோடு. நம் குடும்பங்கள் இந்த இரட்டைக் கோட்டை வரையவிடாமல் மறைப்பது வேதனையளிக்கிறது. 'தூரத்துச் சொந்தம்தான்' என்று சொல்லிவிட்டு, நெடுநேரம் பேசிய பிறகுதான் அக்கா மகளைக் கட்டியது தெரிய வரும். தாய்மாமனும் அக்கா மகளும் மணந்தால் அவர்களிடையே நான்கில் ஒரு பங்கு மரபணுக்கள் பொதுவாக இருக்கும். அத்தை மகள், மாமன் மகள் என்றால் எட்டில் ஒரு பங்கு. எந்த நோயை முதலில் தேடுவது என்று மருத்துவர் தீர்மானிப்பதே இந்த எண்களை வைத்துத்தான். உங்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்காக அவர் கேட்கவில்லை. சொந்த ஊர் எது, எந்தச் சமூகம் என்று கேட்டாலும் கோபப்பட வேண்டியதில்லை. தலைமுறை தலைமுறையாக ஒரே வட்டத்துக்குள் பெண் கொடுத்துப் பெண் எடுத்த சமூகங்களில் சில மரபணு மாற்றங்கள் அதிகமாகத் தங்கிவிடுகின்றன. அறுவை சிகிச்சையில் தசையைத் தளர்த்தக் கொடுக்கும் ஒரு மருந்தின் விளைவு விரைவில் நீங்காமல் நீடிக்கச் செய்யும் மாற்றம், வைசியச் சமூகத்தினரிடையே அதிகமாகக் காணப்படுவது இதற்கு நன்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு.

கணவன் வீட்டாரின் விவரம் மட்டும் போதும் என்று மாமியாரை மட்டும் அழைத்துக்கொண்டு வருகிறவர்களும் உண்டு. டூச்சென் தசைச் சிதைவு நோய் பெரும்பாலும் ஆண் குழந்தைகளைத் தாக்குவது, பல குடும்பங்களில் தாய் வழியே வருவது. அம்மாவின் அண்ணன் தம்பிகளுக்கும் பெரியம்மா பையன்களுக்கும் என்ன ஆனது என்று தெரிந்த ஒருவர் உடன் இருந்தாக வேண்டும், அல்லது தொலைபேசியிலாவது கிடைக்க வேண்டும். ஆனால் இதைப் பிடித்துக்கொண்டு 'எல்லாம் உன் வீட்டு வியாதி' என்று அந்தப் பெண்ணைக் கரித்துக்கொட்டுவது தவறு மட்டுமல்ல, கொடுமை. அந்நோயில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, தாயிடம் இல்லாமல் குழந்தையிடம் புதிதாகத் தோன்றிய மாற்றத்தால் வருகிறது; தலசீமியா போன்றவற்றிலோ இருவருமே மாற்றத்தைச் சுமந்திருக்கிறார்கள்.

புது இடத்தில் கூட்டம் எப்படி இருக்கும் என்று தெரியாததால், சிலர் குழந்தையை வீட்டிலேயே விட்டுவிட்டுத் தாள்களை மட்டும் கொண்டுவருகிறார்கள். தலையின் சுற்றளவு, காதின் அமைப்பு, உள்ளங்கை ரேகை, தோலில் உள்ள மச்சங்கள் ஆகியவற்றை நேரில் பார்க்காமல் மரபியல் மருத்துவரால் மேற்கொண்டு போக முடியாது. இரத்தம் எடுப்பார்கள் என்று நினைத்துக் குழந்தையைப் பட்டினி போட்டு அழைத்து வருவது அதைவிட ஆபத்தானது. டிஎன்ஏ பரிசோதனைக்கு வெறும் வயிறு தேவையில்லை. வளர்சிதை மாற்றக் கோளாறு சந்தேகிக்கப்படும் குழந்தைக்குப் பட்டினியே உயிராபத்தாக முடியலாம்; மருத்துவர் தெளிவாகச் சொன்னாலன்றி வழக்கம்போலப் பாலும் உணவும் கொடுத்து அழைத்து வாருங்கள்.

குழந்தைக்கு அண்மையில் இரத்தம் ஏற்றியிருந்தால் அந்தத் தேதியைக் கட்டாயம் சொல்ல வேண்டும். ஏற்றிய இரத்தம் மற்றொருவருடையது என்பதால் ஹீமோகுளோபின் பரிசோதனையின் முடிவு தவறாகிவிடும்; வழக்கமாக மூன்று மாதம் காத்திருக்கச் சொல்வார்கள், அல்லது பெற்றோரின் இரத்தத்தை முதலில் பார்ப்பார்கள். குரோமோசோம் பரிசோதனைக்கான இரத்தத்துக்கு வேறொரு நிபந்தனை உண்டு. அதைப் இரத்தம் கட்டியாகாமல் தடுக்கும் ஹெப்பாரின் உள்ள பச்சை மூடிக் குழாயில் எடுப்பார்கள், அதிலுள்ள செல்கள் உயிரோடு ஆய்வகம் சேர வேண்டும், அங்கே அவற்றை ஏறக்குறைய 72 மணி நேரம் வளர்த்துத்தான் பார்க்க முடியும். கிளினிக் ஒரு கட்டடத்திலும் ஆய்வகம் வேறு கட்டடத்திலும் இருக்கும் இடைக்காலத்தில், நீண்ட விடுமுறைக்கு முந்தைய மாலையில் இரத்தம் கொடுத்தால் அது கிடந்து வீணாகும் வாய்ப்பு அதிகம். 'இன்றே ஆய்வகத்துக்குப் போய்விடுமா?' என்று கேட்டுவிட்டுக் கையை நீட்டுங்கள். குழாயை உங்களிடமே கொடுத்து எடுத்துப் போகச் சொன்னால், கெடாமல் இருக்கட்டும் என்று ஐஸ் கட்டிக்குள் புதைத்துவிடாதீர்கள். குளிரில் உறைந்தால் செல்கள் இறந்துவிடும்.

அறிக்கை வந்ததும் அதை வாட்ஸ்அப்பில் உறவினர்களுக்கு அனுப்பி அர்த்தம் கேட்பது இப்போது பெருகியிருக்கிறது. மரபணு மாற்றங்களை ஐந்து வகையாகப் பிரித்து எழுதுவார்கள். நோயை உண்டாக்குவது உறுதி என்பது ஒரு முனை, தீங்கற்றது என்பது மறுமுனை, நடுவில் 'முக்கியத்துவம் உறுதியாகாத மாற்றம்' என்று ஒன்று. இந்த நடு வகையை நோய் என்று எடுத்துக்கொண்டு கர்ப்பத்தைக் கலைக்கவோ தங்கையின் திருமணத்தை நிறுத்தவோ கூடாது. அதை மட்டும் வைத்துக் கருவைப் பற்றி முடிவெடுக்க எந்தப் பொறுப்புள்ள மருத்துவரும் சொல்ல மாட்டார். மேலும் ஆதாரங்கள் சேரும்போது அந்த மாற்றம் வேறு வகைக்கு மாற்றப்படலாம். அப்படி மாறினால் கிளினிக்கிலிருந்து உங்களை அழைப்பதற்கு, ஃபைலில் இருக்கும் எண் இன்றும் பயன்பாட்டில் இருக்க வேண்டும். புது இடத்துக்கு முதல்முறை போகும் அன்றே உங்கள் இப்போதைய முகவரியையும், வீட்டில் இன்னொருவரின் தொலைபேசி எண்ணையும் சேர்த்து எழுதச் சொல்லி, எழுதியதை ஒருமுறை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள்.