மகளுக்கு எச்.பி.வி. ஊசி போடப் போகிறீர்களா?

காசிமேட்டில் 26 ஆண்டுகள் ஊசி போட்ட கை இது. முதல் தடவை இதைப் பற்றிப் பேசப் போனபோது "புற்றுநோய் ஊசி" என்று மொட்டையாகச் சொல்லித் தொலைத்தேன். "என் பெண்ணுக்கு என்ன கேடு?" என்று மீன் கூடையைத் தூக்கிக்கொண்டு ஒரு அம்மா போய்விட்டார். தப்பு என்னுடையது.

ஆகவே இப்போது இப்படிச் சொல்கிறேன்: கருப்பைவாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் எச்.பி.வி. வைரஸ் உடம்பில் குடியேறாமல் தடுக்கும் ஊசி. ஏற்கெனவே வந்த தொற்றை இது போக்காது. அதனால்தான் தொற்று வரும் முன்பே, 9 முதல் 14 வயதுக்குள் போடச் சொல்கிறோம்.

"அந்தக் கிருமியைத்தானே உள்ளே விடுகிறீர்கள், அக்கா?" என்று கட்டாயம் கேட்பார்கள். வலையில் வந்த வெற்று நண்டு ஓட்டைக் கையில் கொடுப்பேன். கொடுக்கு, கால், முள் எல்லாம் இருக்கும். சதை இருக்காது, கடிக்காது. 1991இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் ஆய்வாளர்கள் இயன் ஃபிரேசரும் ஜியான் சோவும் உருவாக்கியது இப்படியொரு வெற்று ஓடுதான். வைரஸின் மேலுறைப் புரதத்தை மட்டும் செய்து பார்த்தார்கள். அது தானே கூடி உருண்டை ஓடாகிவிட்டது. உள்ளே மரபுப்பொருள் இல்லை, பெருக வழியில்லை. இந்த வெற்று ஓட்டைப் பார்த்தே உடம்பு, கிருமியைப் பிடிக்கும் எதிர்ப்பொருளைத் தயாரித்து வைத்துக்கொள்கிறது. நிஜ நண்டு வரும்போது கொடுக்கை விரிக்கும் முன்பே பிடி விழும். 2006இல் ஊசி வந்தபோது ஜியான் சோ உயிரோடு இல்லை; 1999இலேயே இறந்துவிட்டார். இதையும் சொல்வேன். "ஐயோ பாவம்" என்பார்கள். அதன்பிறகு ஊசியை அந்நியமாகப் பார்ப்பதில்லை.

15 வயதுக்குள் தொடங்கினால் 6 மாத இடைவெளியில் இரண்டு தவணை. அதற்கு மேல் மூன்று. ஒரே தவணையும் போடலாம் என்று 2022இல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. மருத்துவர் ஒன்று என்றாலும் இரண்டு என்றாலும் பதற வேண்டாம்.

வெறும் வயிற்றோடு அழைத்து வராதீர்கள். இரண்டு இட்லியாவது உள்ளே போகட்டும். கை இறுக்கமான சட்டை வேண்டாம், ஊசி மேற்கையில் போடுவது. போட்டதும் 15 நிமிடம் உட்காரவையுங்கள். ஒரு பிள்ளை துள்ளி எழுந்து ஓடி, வாசற்படியில் சரிந்தாள். பயத்தில் வரும் மயக்கம் அது. படுக்கவைத்துக் காலைத் தூக்கிப் பிடித்ததும் கண் விழித்தாள். காய்ச்சலோ ஒவ்வாமையோ இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள்.

ஊசி எல்லா வகை எச்.பி.வி.யையும் தடுக்காது. எனவே வளர்ந்தபின் கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கான பரிசோதனையும் வேண்டும். பெண்ணை அனுப்பிவிட்டு அம்மாவிடம் வயதைக் கேட்பேன். 30 தாண்டியிருந்தால், "நீங்கள் எப்போது பரிசோதனைக்கு வருகிறீர்கள்?"