பழந்துணியைப் பாதுகாக்கிறேன் என்று கெடுப்பது எப்படி

அகமதாபாதில் காலிகோ ஜவுளி அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டு வருகிறவர்களில் பாதிப் பேர் ஒரே குறை சொல்வார்கள்: "எல்லாம் அருமை, ஆனா ஒரே இருட்டு." 1949இல் நேரு திறந்துவைத்த இடம் அது. இந்தியத் துணிகளுக்கென்று தனியாக ஓர் இடம் வேண்டும் என்ற யோசனையை அந்த ஊர் ஜவுளி ஆலை அதிபர்களான சாராபாய் குடும்பத்தின் காதில் போட்டவர், இலங்கைத் தமிழர் முத்து குமாரசுவாமியின் மகனும் கலை வரலாற்றாளருமான ஆனந்த குமாரசுவாமி. அங்கே விளக்கு மங்கலாக எரிவது மின்கட்டணத்துக்குப் பயந்து அல்ல. துணியைக் காட்டக் காட்ட அது தேயும் என்பதால்தான்.

கல்லூரியில், கோயிலில், ஊர் நூலகத்தில் பழைய ஆடைகளை வைத்துச் சின்னதாக ஒரு காட்சிக்கூடம் திறக்கிறவர்கள் முதலில் சறுக்குவது இங்கேதான். பளிச்சென்று விளக்குப் போட்டு, ஜன்னலோரம் நிறுத்தி, வருடம் முழுக்க அதே சேலையைக் காட்டிக்கொண்டிருப்பார்கள். துணிக்கு அருங்காட்சியகங்கள் வழக்கமாக வைத்திருக்கும் வரம்பு 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு). வெட்டவெளி உச்சிவெயில் ஒரு லட்சம் லக்ஸைத் தொடும். வெளிச்சம் செய்யும் சேதம் கடன் மாதிரி, சேர்ந்துகொண்டே போகும். 50 லக்ஸில் நூறு மணி நேரமும் 500 லக்ஸில் பத்து மணி நேரமும் ஏறக்குறைய ஒன்றுதான். இருட்டில் வைத்தால் போன சாயம் திரும்பாது, மேற்கொண்டு போகாமல் நிற்கும். எல்.இ.டி. போட்டுவிட்டோம், இனிக் கவலையில்லை என்பதும் தப்புக்கணக்கு. புற ஊதாக்கதிர் குறையும், சரி. ஆனால் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும் சாயத்தைத் தின்னும். அதனால்தான் நல்ல அருங்காட்சியகத்தில் ஓர் ஆடை சில மாதம் வெளியே நிற்கும், அப்புறம் சில வருடம் பெட்டிக்குள் கிடக்கும். அவர்களுடைய ஆண்டுவேலையில் பெரும்பகுதி இந்த மாற்றிவைப்புதான், நாம் பார்க்காத வேலை.

அடுத்தது மடிப்பு. என் அப்பத்தாவின் கூறைச்சேலை பீரோவில் அதே மடிப்பில் முப்பது வருடத்துக்கு மேல் இருந்தது. ஒருமுறை ஆசையாக விரித்தோம். நடுவில் எங்கும் கிழிசல் இல்லை, மடிப்பு விழுந்த கோடுகளில் மட்டும் முந்தி பிளேடால் கீறின மாதிரி வரிசையாக விட்டிருந்தது. பழைய அசல் ஜரிகை என்பது பட்டு நூலின் மேல் சுற்றிய, தங்கமுலாம் பூசிய வெள்ளித் தகடு. ஒரே இடத்தில் மடித்து அழுத்தினால் அந்தத் தகடே பட்டை அறுக்கும். அருங்காட்சியகத்தில் சேலை போன்ற தட்டைத் துணிகளை அமிலமில்லாத தாள் சுற்றிய குழாயில் உருட்டிவைப்பார்கள். வீட்டில் அதற்கு இடமில்லையென்றால், மடிப்புக்குள் வெள்ளை மல் துணியைச் சுருட்டிக் கொடுத்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை இடம் மாற்றுங்கள். ஹேங்கரில் தொங்கவிடாதீர்கள். கனமான ஜரிகையும் கல்வேலையும் தன் எடையிலேயே துணியை இழுத்துக் கிழிக்கும்.

காட்சிக்கு முன் "ஒரு அலசு அலசி, கஞ்சி போட்டு, இஸ்திரி" என்பது நல்ல எண்ணத்தில் செய்யும் பெரிய கெடுதல். கஞ்சி ராமபாணப் பூச்சிக்கு விருந்து. சாயம் ஓடலாம், நைந்த இழை நனைந்ததும் அறுந்துபோகலாம். அதைவிட முக்கியம், கறையும் சரித்திரம்தான். மதுரையில்தான் 1921 செப்டம்பரில் காந்தி சட்டையை விட்டு அரைவேட்டிக்கு மாறினார். சுடப்பட்டபோது அவர் உடுத்தியிருந்த துணியின் ஒரு பகுதி, இன்று அதே மதுரையின் காந்தி அருங்காட்சியகத்தில் ரத்தக்கறையோடு இருக்கிறது. யாராவது அக்கறையாக அதைத் துவைத்துவைத்திருந்தால் நமக்கு ஒரு வெள்ளைத்துணி மிஞ்சியிருக்கும்.

அந்துருண்டைக்கு வருவோம். பூச்சியை ஓரளவு தடுக்கும், உண்மைதான். ஆனால் மூடிய பீரோவில் அந்த ஆவி நம் மூச்சுக்கு நல்லதல்ல, குறிப்பாகக் கைக்குழந்தை உள்ள வீட்டில். அருங்காட்சியகங்கள் இப்போது பெரும்பாலும் குளிரை நம்புகின்றன. துணியைப் பாலித்தீனில் காற்றுப் புகாமல் கட்டி, மைனஸ் 30 டிகிரியில் மூன்று நாளாவது வைப்பார்கள். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்கமாட்டார்கள், துணி அறைவெப்பத்துக்கு வரும்வரை காத்திருப்பார்கள். இல்லையென்றால் நீர் கோத்துவிடும்.

பழைய ஆடையை உடுத்திப் பார்ப்பதும் கூடாது. 1962இல் நடிகை மர்லின் மன்றோ அமெரிக்க அதிபர் கென்னடிக்குப் பிறந்தநாள் பாட்டுப் பாடியபோது போட்டிருந்த கவுனை 2016இல் விநோதப் பொருட்களைக் காட்சிக்கு வைக்கும் ரிப்ளீஸ் நிறுவனம் 48 லட்சம் டாலருக்கு வாங்கியது. 2022இல் நியூயார்க் மெட் அருங்காட்சியகத்தின் நிதிதிரட்டு விழாவான மெட் காலாவில், தொலைக்காட்சிப் பிரபலம் கிம் கர்தாஷியன் அதைப் போட்டுக்கொண்டு படியேறினார். சேதம் எதுவும் இல்லை என்றது ரிப்ளீஸ். சர்வதேச அருங்காட்சியகக் கவுன்சிலோ, வரலாற்று ஆடைகளை யாருமே உடுத்தக்கூடாது என்று அறிக்கை விட்டது. நான் கவுன்சில் பக்கம். கல்லூரி ஆண்டுவிழாவில் கொள்ளுப்பாட்டி சேலையைக் கட்டி ராம்ப் வாக் போவதும் இதே கணக்கில்தான் வரும்.

இவையெல்லாம் துணியைக் கெடுப்பவை. எதைச் சேர்ப்பது என்பதில் செய்யும் தவறோ ஒரு நாட்டின் கதையையே திரிக்கும். கல்யாணப் பட்டும் ராஜா அங்கியும் மட்டும் உள்ளே வரும், வேலைக்கு உடுத்தியது கந்தலாகிக் கரித்துணியாகிவிடும். இங்கிலாந்தின் பாத் நகர ஆடை அருங்காட்சியகம் 1963இல் தொடங்கி ஆண்டுக்கு ஓர் உடையைத் தேர்ந்து சேர்த்துவந்தது. முதல் வருடமே ஆடை வடிவமைப்பாளர் மேரி குவான்டின் கம்பளிப் பினஃபோர் உடை. அரண்மனைக்கானது அல்ல, கடைக்குப் போய் வாங்கிப் போடக்கூடியது. நம் ஊரில் இப்படித் தொடங்கினால் நான் முதலில் நைட்டியைத்தான் சேர்ப்பேன். மேலே ஒரு துண்டோடு. சிரிக்காதீர்கள். நம் பெண்கள் வீட்டிலும் வாசலிலும் பால் பூத்திலும் இத்தனை வருடம் உடுத்தியதை எந்தக் கண்ணாடிப் பெட்டியிலும் நான் பார்த்ததில்லை.

சேர்த்த பிறகு, "பட்டுச்சேலை, பழமையானது" என்று எழுதி ஊசி குத்திவைக்காதீர்கள். ஊசி துருப்பிடிக்கும், அந்த வரியும் எதையும் சொல்லாது. யார் உடுத்தினார், எந்த வருடம், எந்த ஊர்க் கடை, ஏன் ரவிக்கையின் பக்கவாட்டில் பிரித்துத் தைத்த தடம் இருக்கிறது என்பதையெல்லாம் தெரிந்தவர் இருக்கும்போதே கேட்டு எழுதிவையுங்கள். ஒவ்வோர் ஆடைக்கும் ஒரு வரிசை எண் கொடுத்து, அதைப் பருத்தி நாடாவில் எழுதி, ஓரத்தில் இரண்டு தையல் போட்டால் போதும். கடைச்சீட்டு கிடைத்தால் அதிர்ஷ்டம். அதைச் சேலை மடிப்புக்குள் செருகாமல் தனி உறையில் வையுங்கள், பழைய தாளின் அமிலம் துணியில் பழுப்பாக இறங்கிவிடும்.