இண்டிகேட்டர் வேகமாகத் துடித்தால் முதலில் எங்கே பார்ப்பது?

கோத்தகிரியிலிருந்து குன்னூர் செல்லும் சாலையில் தேயிலைத் தோட்டங்களுக்குப் பிரியும் கிளைப்பாதைகள் ஏராளம். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், மூடுபனி இறங்கிய மாலை நேரத்தில், அப்படியொரு பாதைக்குள் நாம் திரும்பப் போகிறோம் என்பதைப் பின்னால் வருபவருக்கு உணர்த்துவது அந்த ஒரு மஞ்சள் விளக்குதான். அது திடீரென இருமடங்கு வேகத்தில் 'டிக் டிக்' என்று துடிக்கத் தொடங்கினால், பலரும் விளக்கை மினுக்க வைக்கும் சிறு சுவிட்சான ரிலே கெட்டுவிட்டது என்று எண்ணி அதை மாற்றிவிடுகிறார்கள். உண்மையில், எங்கோ ஒரு விளக்கு எரியவில்லை என்பதைத்தான் அந்த ரிலே பெரும்பாலும் நமக்குத் தெரிவிக்கிறது.

முறையாக இயங்கும் இண்டிகேட்டர் நிமிடத்துக்கு 60 முதல் 120 முறை மினுக்க வேண்டும். பெரும்பாலான கார்களிலும் ஜீப்புகளிலும் ஒரு பக்கத்துக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என இரண்டு 21 வாட் பல்புகளும், பல வண்டிகளில் பக்கவாட்டில் 5 வாட் பல்ப் ஒன்றும் இருக்கும். 21 வாட் பல்ப் ஒன்று 12 வோல்ட்டில் 1.75 ஆம்பியர் இழுக்கும். இரண்டும் சேர்ந்தால் 3.5 ஆம்பியர். அவற்றுள் ஒன்று அணைந்ததும் மின்னோட்டம் ஏறக்குறைய பாதியாகக் குறைவதை எலக்ட்ரானிக் ரிலே உணர்ந்து, ஓட்டுநர் கவனிக்க வேண்டும் என்பதற்காகவே வேகத்தைக் கூட்டுகிறது. வெப்பத்தால் வளையும் தகடு கொண்ட பழைய ரிலேக்களில் இதற்கு நேர்மாறாக, மினுக்கம் மந்தமாகும் அல்லது விளக்கு மினுக்காமல் எரிந்தபடியே நிற்கும்.

சோதனையை வளைவில் செய்யாதீர்கள். அகலமான சமதளத்தில் நிறுத்தி, கைபிரேக்கைப் போட்டு, சரிவு சிறிதளவு இருந்தாலும் சக்கரத்துக்குக் கல் வைத்த பிறகு, சாவியைத் திருப்பி இடப்பக்கத்தையும் வலப்பக்கத்தையும் தனித்தனியே போட்டு வண்டியைச் சுற்றி நடந்து பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் வேகமாக மினுக்கினால் கோளாறு அந்தப் பக்கத்து பல்பிலோ, ஹோல்டரிலோ, ஒயரிலோ இருக்கிறது. இரண்டு பக்கமும் வேகமாக மினுக்கினால் மட்டுமே ரிலேயையோ, அண்மையில் மாற்றிய பல்புகளையோ சந்தேகிக்க வேண்டும். முக்கோணக் குறியுள்ள ஹசார்டு சுவிட்சைப் போட்டால், பழுதுள்ள வண்டியில்கூட மினுக்கம் இயல்பாகத் தோன்றலாம். நான்கு மூலை விளக்குகளின் சுமையும் அப்போது சேர்ந்துவிடுவதே அதற்குக் காரணம். ஆகவே அதை வைத்து மட்டும் முடிவுக்கு வர வேண்டாம்.

எரியாத பல்பைக் கழற்றி, இழை அறுந்திருக்கிறதா, கண்ணாடி கறுத்திருக்கிறதா என்று பாருங்கள். புதிது வாங்கும்போது பழைய பல்பைக் கையோடு எடுத்துச் செல்வது நல்லது. வாட் அளவு குறைந்த பல்பைப் போட்டாலும் வேகம் கூடும். மஞ்சள் பூச்சுள்ள பல்பின் பக்கவாட்டு முனைகள் நேரெதிராக இல்லாமல் சற்று விலகியிருக்கும் என்பதால், வெள்ளை பல்ப் அந்த ஹோல்டருக்குள் சரியாக உட்காராது. அதை அழுத்தித் திணிக்கக் கூடாது.

பல்ப் நன்றாக இருந்தும் விளக்கு எரியவில்லை என்றால், மலையில் வாழும் நாம் முதலில் ஈரத்தைத்தான் நினைக்க வேண்டும். விளக்கு மூடியின் ரப்பர் வாசர் இறுகிப் பிளந்த பிறகு பனியும் மழையும் உள்ளே புகுந்து, ஹோல்டரின் பித்தளைத் தொடுமுனையில் பச்சைக் களிம்பு படிகிறது. பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, மெல்லிய உப்புத்தாளால் அதைத் தேய்த்துத் துடையுங்கள். அடுத்ததாக, விளக்கின் மின்னோட்டத்தை வண்டியின் பாடி வழியே பேட்டரிக்குத் திருப்பும் எர்த் ஒயர். என் வண்டியில் ஒரு கடையில் ரிலேயை இருமுறை மாற்றியும் வேகம் குறையவில்லை. கடைசியில், பின்விளக்கின் எர்த் ஒயரைப் பாடியோடு பிணைக்கும் திருகு துருவேறிக் கிடந்ததைக் கண்டுபிடித்தேன். அந்தத் துரு ஓர் அடையாளத்தை முன்பே காட்டியிருந்தது: இண்டிகேட்டர் போடும்போதெல்லாம் அதே பக்கத்து டெயில் விளக்கும் மங்கலாகத் துடித்தது. நேராகப் பாடிக்குச் செல்ல வழியில்லாத மின்னோட்டம் பக்கத்து பல்பின் வழியே சுற்றிச் செல்வதால் இது நிகழ்கிறது. மல்டிமீட்டர் இருந்தால், டெயில் விளக்கை எரியவிட்டு, ஹோல்டரின் எர்த் முனைக்கும் பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் இடையே அளந்து பாருங்கள். அளவு 0.2 வோல்ட்டைத் தாண்டினால் எர்த் சரியில்லை. திருகைக் கழற்றி, இரும்பு பளிச்சிடும்வரை சுரண்டி, இறுக்கி, மேலே கிரீஸ் தடவுங்கள்.

எல்இடி பல்புகளை மாட்டியபின் வேகம் கூடியிருந்தால் எதுவும் பழுதாகவில்லை. எல்இடி இழுக்கும் மின்னோட்டம் மிகக் குறைவு என்பதால் பல்ப் அறுந்துவிட்டதாக ரிலே கருதிக்கொள்கிறது. தனி ரிலே உள்ள வண்டியில், எல்இடிக்கு ஏற்ற ரிலேயை அதே முனை வரிசையில் வாங்கிப் போடுவதே சிறந்தது. சிலர், ரிலே பழைய பல்ப் இருப்பதாகவே கருதும்படி கூடுதல் மின்னோட்டம் இழுக்கும் 6 ஓம் சுமைத்தடையை இணைக்கிறார்கள். இன்ஜின் ஓடும்போது 14 வோல்ட்டில் அது ஏறத்தாழ 33 வாட்டை வெப்பமாக்கும். பிளாஸ்டிக்கிலோ ஒயர்க் கட்டின்மீதோ அதைக் கட்டாமல், இரும்புத் தகட்டில் திருகிப் பொருத்த வேண்டும். புதிய கார்கள் பலவற்றில் தனி ரிலே இல்லை. மினுக்கத்தைக் கட்டுப்பாட்டுக் கணினியே நடத்துவதால், அவற்றில் ஒயரை வெட்டி ஒட்டும் வேலையில் இறங்காதீர்கள்.

பழுது நீங்கியதும் கடிகாரத்தைப் பார்த்து 30 விநாடிக்கு எண்ணுங்கள். 30 முதல் 60 வரை வந்தால் சரி. விளக்கு மூடியின் ரப்பரை மாற்றி, அடியில் உள்ள நீர் வடியும் துளையில் மண் அடைத்திருந்தால் குச்சியால் நீக்கிவிட்டு, அடுத்த மழைக்குப் பிறகு உள்ளே ஆவி படிந்திருக்கிறதா என்று மீண்டும் ஒருமுறை பாருங்கள்.