பக்கவாதம் வந்தவருக்கு வீட்டில் சாப்பாடு கொடுக்கும் முறை

பக்கவாதம் வந்து வீடு திரும்பியவரைப் பார்க்க வருகிறவர்கள் கையையும் காலையும்தான் விசாரிப்பார்கள். கூட இருந்து கவனிப்பவர் முதலில் பார்க்க வேண்டியது தொண்டையை. விழுங்கும் தசை தளர்ந்திருந்தால் சோறு, தண்ணீர், எச்சில்கூட மூச்சுக்குழாயில் இறங்கி நிமோனியாவில் கொண்டுபோய் விடும்.

புரையேறினால் "யாரோ நினைக்கிறாங்க" என்று உச்சந்தலையில் தட்டிவிட்டு மறந்துவிடுவது நம் வழக்கம். இவரிடம் அது ஆகாது. சாப்பிட்டபின் குரல் கொழகொழவென்று மாறுவது, கண்ணில் நீர் கோப்பது, மூச்சு வாங்குவது, காய்ச்சல் அடிப்பது எல்லாமே எச்சரிக்கைதான். சிலருக்கு இருமலே வராமல் உள்ளே இறங்கும். அதனால் இருமவில்லை என்று நிம்மதியடைய வேண்டாம்.

மருத்துவமனையை விட்டுக் கிளம்பும் முன் விழுங்கும் சோதனை செய்தார்களா, எந்தப் பக்குவத்தில் கொடுக்க வேண்டும் என்று மிஸியிடம் (தாதியிடம்) கேட்டு எழுதி வாங்குங்கள். வாயால் எதுவும் வேண்டாம் என்றிருந்தால் ஒரு வாய் மைலோகூடக் கூடாது. பாசம் பொறுக்காமல் கொடுப்பவர்கள்தான் அதிகம்.

வாயால் கொடுக்கலாம் என்றிருந்தால், நாற்காலியில் நேராக உட்கார வைத்து, இரண்டு பாதமும் தரையில் படட்டும். அண்ணாந்து விழுங்க விடாதீர்கள். தாடை சற்றுக் கீழே இருக்கட்டும். டிவியை அணையுங்கள். நீங்கள் நின்றுகொண்டு ஊட்டினால் அவர் தலை தானாக மேலே போகும், ஆகவே அவர் கண்மட்டத்துக்கு உட்காருங்கள். டீஸ்பூனில் பாதி அளவு, நன்றாக உள்ள பக்கத்துக் கன்னத்தில் வையுங்கள். தொண்டைமணி ஒருமுறை ஏறி இறங்குவதைக் கண்ணால் பார்த்த பிறகே அடுத்த வாய். பலவீனமான பக்கத்துக் கன்னத்தில் சோறு தங்கியிருந்தாலும் அவருக்குத் தெரியாது. வாயைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள். முடிந்ததும் அரை மணி நேரமாவது படுக்க விடாதீர்கள்.

வெறும் தண்ணீர், ரசம், காப்பி ஆகியவை வேகமாக ஓடுவதால்தான் அதிகம் புரையேறுகின்றன. கஞ்சி பத்தியம் என்று நினைக்கிறோம். ஆனால் பருக்கை தனி, நீர் தனி என்றிருப்பதால் இவருக்கு அதுவே தொல்லை. மிக்சியில் அரைத்து, கரண்டியைச் சாய்த்தால் ஒரே கட்டியாக நழுவி விழும் பதத்துக்குக் கொண்டுவாருங்கள். எச்சில் பட்ட கரண்டியை அதே கிண்ணத்தில் விட்டால் மாவுச்சத்து நீர்த்துவிடும். சிறு கிண்ணத்தில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக் கொடுங்கள். தண்ணீரைக் கெட்டியாக்கும் மாவு ஃபார்மசியில் கிடைக்கும். எவ்வளவு கெட்டி என்பதை விழுங்கும் பயிற்சி தருபவர் சொல்லட்டும்.

வாய் அழுக்காக இருந்தால் அந்தக் கிருமிதான் நுரையீரலுக்கு இறங்கும். தினம் இருமுறை பல், நாக்கு, கன்னத்தின் உட்புறம் எல்லாம் துலக்க வேண்டும். குழாய் வழியாகச் சாப்பிடுபவருக்கும் இது உண்டு.

மூக்குக் குழாய் வைத்திருந்தால் தலைமாட்டை 30 முதல் 45 டிகிரி உயர்த்துங்கள். மூக்கருகே குழாயில் போட்டிருக்கும் அடையாளம் நகர்ந்திருந்தால் எதையும் ஊற்றக்கூடாது. பாலை சிரிஞ்சியால் அழுத்தித் தள்ளாமல், தானாக இறங்கும்படி உயர்த்திப் பிடியுங்கள். முன்னும் பின்னும் சுமார் 30 மில்லி தண்ணீர் விட்டால் அடைக்காது. மாத்திரைகளை ஒவ்வொன்றாகப் பொடித்துக் கரையுங்கள், ஆனால் மெதுவாகக் கரையும் வகையைப் பொடிக்கக்கூடாது. ஃபார்மசிஸ்டிடம் பட்டியலைக் காட்டிவிடுங்கள். குழாய் கழன்றால் வீட்டில் திரும்பச் சொருக வேண்டாம்.

படுக்கையில் இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கொரு முறை புரட்டுங்கள். குதிகால் மெத்தையில் படாமல் கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வையுங்கள். படுக்கைப்புண் தொடங்கும்போது வரும் சிவப்பு நம் தோலில் தெரியாது. சுற்றியுள்ளதைவிடக் கறுத்து, சூடாக, இறுகியிருக்கும் இடத்தைத் தடவித் தேடுங்கள். அங்கே எண்ணெய் போட்டுத் தேய்க்கக்கூடாது. மரத்த கைக்கு வெந்நீர் ஒத்தடமும் கூடாது. சுட்டாலும் அவருக்குத் தெரியாது. தூக்கும்போது பலவீனமான கையைப் பிடித்து இழுத்தால் தோள்மூட்டு இறங்கிவிடும். ஒரு காலின் கெண்டை மட்டும் வீங்கிச் சூடாக இருந்தால் உருவி விடாமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். உள்ளே ரத்தம் உறைந்திருக்கலாம்.

வலிப்பு வந்தால் கையில் சாவி, வாயில் கரண்டி எதுவும் வேண்டாம். பக்கவாட்டில் திருப்பி, கடிகாரத்தைப் பாருங்கள்; ஐந்து நிமிடம் தாண்டினால் மலேசிய அவசர எண் 999-ஐக் கூப்பிடுங்கள். முகம் மீண்டும் கோணினாலோ, பேச்சு குழறினாலோ, ஒரு கை விழுந்தாலோ ஒரு நிமிடமும் காத்திருக்காமல் அதே எண்ணைக் கூப்பிடுங்கள். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டியது. சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து ஈப்போ பெரிய மருத்துவமனைக்குப் போகவே நேரமாகும். கடைசியாக நன்றாக இருந்த நேரத்தை எழுதி ஆம்புலன்ஸ் ஆட்களிடம் கொடுங்கள்.

வீட்டுக்கே தாதி வந்து பார்க்கும் டொமிசிலியரி சேவை கிளினிக் கெசிஹாத்தான் எனும் அரசு சுகாதார கிளினிக்கில் உண்டு. டிஸ்சார்ஜ் ஆகும் அன்றே வார்டில் கேட்டுப் பதிந்துகொள்ளுங்கள். படுத்த படுக்கையானவரைப் பார்த்துக்கொள்பவருக்கான ஜேகேஎம் (சமூக நலத்துறை) உதவிக்கும் மருத்துவர் கையெழுத்து தேவைப்படும். அந்த விண்ணப்பப் பாரத்தையும் கையோடு கொண்டுபோங்கள்.