பழைய லென்ஸை மிரர்லெஸ் கேமராவில் பொருத்துவது: அடாப்டரைத் தேர்ந்தெடுக்கவும், அளக்கவும், பயன்படுத்தவும்

ஃபிலிம் காலத்து லென்ஸ் ஒன்றை மிரர்லெஸ் கேமராவில் மாட்டுவதற்கு இடையில் தேவைப்படும் அடாப்டர், பெரும்பாலும், உள்ளே கண்ணாடி எதுவும் இல்லாத வெறும் உலோக வளையம்தான். லென்ஸைச் சென்சரிலிருந்து அதற்குரிய தூரத்தில், சாயாமலும் ஆடாமலும் நிறுத்துவது ஒன்றே அதன் வேலை. வேலை எளிதாகத் தோன்றுவதால்தான் பலரும் லென்ஸுக்குப் பல ஆயிரம் செலவழித்துவிட்டு அடாப்டரில் சிக்கனம் பார்க்கிறார்கள். பிறகு படம் மங்கலாக வந்தால் பழியை லென்ஸின் மீது போடுகிறார்கள்.

கேமராவில் லென்ஸைப் பொருத்தும் அமைப்பை மவுண்ட் என்பார்கள். ஒவ்வொரு மவுண்ட்டிலும், லென்ஸ் வந்து அமரும் உலோக முகப்பிலிருந்து ஃபிலிம் அல்லது சென்சர் வரையிலான தூரம் மாறாத ஓர் அளவாகும். இதை ஃபிளேஞ்ச் தூரம் என்பார்கள். எஸ்எல்ஆர் கேமராக்களில் லென்ஸுக்கும் ஃபிலிமுக்கும் இடையே, காட்சியை வியூஃபைண்டருக்குத் திருப்பும் மிரர் மேலும் கீழும் எழுந்து இறங்க இடம் விட வேண்டியிருந்ததால், இந்தத் தூரம் அதிகமாக இருந்தது: 1959-இல் வந்த நிக்கான் எஃப் மவுண்ட்டில் 46.5 மி.மீ., எம்42 திருகு மவுண்ட்டிலும் பென்டாக்ஸ் கே மவுண்ட்டிலும் 45.46 மி.மீ., மினோல்டாவின் எஸ்ஆர் மவுண்ட்டில் 43.5 மி.மீ., கேனான் எஃப்டி மவுண்ட்டில் 42 மி.மீ. அந்த மிரரே இல்லாத மிரர்லெஸ் கேமராவில் அந்த இடம் தேவையற்றுப் போனதால், சோனி இ மவுண்ட்டில் 18 மி.மீ., ஃபியூஜி எக்ஸில் 17.7 மி.மீ., கேனான் ஆர்எஃப்பில் 20 மி.மீ., நிக்கான் இசட்டில் 16 மி.மீ. என்று சுருங்கிவிட்டது. பழைய அளவிலிருந்து புதிய அளவைக் கழித்தால் கிடைப்பதே அடாப்டரின் தடிமன். எம்42 லென்ஸைச் சோனியில் மாட்ட 27.46 மி.மீ., நிக்கான் எஃப் லென்ஸை மாட்ட 28.5 மி.மீ.

கழித்து வரும் எண் பூச்சியத்துக்குக் கீழே போனால் அடாப்டருக்கு வழியில்லை. 1987-இல் கேனான் 44 மி.மீ. தூரமுள்ள இஎஃப் மவுண்ட்டுக்கு மாறியபோது, 42 மி.மீ. தூரத்துக்காகச் செய்யப்பட்ட எஃப்டி லென்ஸ்களுக்கு அந்த நிறுவனத்தின் புதிய கேமராக்களிலேயே இடமில்லாமல் போனது. இடையில் லென்ஸ் கண்ணாடி வைத்த அடாப்டரால்தான் அவற்றைத் தொலைதூரத்துக்கு ஃபோகஸ் செய்ய முடிந்தது, அதிலும் படத்தின் தரம் குறைந்தது. நிக்கான் லென்ஸ்களுக்கோ 2.5 மி.மீ. மிச்சம் இருந்ததால், அவை கேனானின் டிஜிட்டல் எஸ்எல்ஆர்களில் (டிஎஸ்எல்ஆர்) இயல்பாக ஏறி உட்கார்ந்தன. எஃப்டி லென்ஸ்களுக்கு மறுவாழ்வு கொடுத்தது மிரர்லெஸ்தான்.

அடாப்டரை வாங்குவதற்கு முன், லென்ஸின் அபெர்ச்சர், அதாவது உலோக இதழ்களால் விரிந்து சுருங்கி ஒளியின் அளவைக் கட்டுப்படுத்தும் துளை, எப்படி இயங்குகிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும். லென்ஸின் மேலேயே அபெர்ச்சர் வளையம் இருந்தால் வெறும் உலோக அடாப்டரே போதும் என்பது பொது விதி. ஆனால் விதிவிலக்குகள் உண்டு. எம்42 லென்ஸ்கள் பலவற்றின் பின்புறத்தில் சிறு ஊசி ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். அதை யாராவது அழுத்தினால்தான் இதழ்கள் மூடும். ஆகவே உள்ளே விளிம்பு வைத்து அந்த ஊசியை எப்போதும் அழுத்திப் பிடிக்கும் அடாப்டரைக் கேட்டு வாங்க வேண்டும், அல்லது லென்ஸில் ஏ, எம் என்ற சுவிட்ச் இருந்தால் எம்-இல் வைக்க வேண்டும். எஃப்டி லென்ஸுக்கு உள்ளே நெம்புகோலும் வெளியே அதை இயக்கும் வளையமும் உள்ள அடாப்டர் தேவை. நிக்கானின் ஜி வகை லென்ஸில் அபெர்ச்சர் வளையமே கிடையாது. சாதாரண அடாப்டரில் மாட்டினால் இதழ்கள் முழுவதும் மூடிக்கொண்டு திரை இருட்டாகத் தெரியும் என்பதால், ஜி வகைக்கென்று தனி வளையம் உள்ள அடாப்டரையே தேட வேண்டும். கேனான் இஎஃப் லென்ஸில் அபெர்ச்சர் முழுக்க மின்சாரத்தால் இயங்குவதால், மின்தொடர்புள்ள அடாப்டர் இல்லாமல் அதை வாங்குவதில் பொருளில்லை. எஃப் லென்ஸை இசட் கேமராவில் மாட்ட நிக்கானே தரும் எஃப்டிஇசட் அடாப்டரை வாங்குவோரும் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும்: அதற்குள் திருகு மோட்டார் இல்லாததால், கேமராவின் மோட்டாரை நம்பி ஃபோகஸ் ஆகும் பழைய ஏஎஃப்-டி லென்ஸ்கள் அதில் தானாக ஃபோகஸ் ஆவதில்லை.

ஏபிஎஸ்-சி போன்ற, 35 மி.மீ. ஃபிலிமைவிடச் சிறிய சென்சர் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு வகை உண்டு. உள்ளே லென்ஸ் கண்ணாடி வைத்து, பிம்பத்தை 0.71 மடங்காகச் சுருக்கும் அடாப்டர் அது, 50 மி.மீ. எஃப் 1.4 லென்ஸை ஏறக்குறைய 35 மி.மீ. எஃப் 1 ஆக மாற்றி, ஒரு ஸ்டாப் ஒளியையும் (அதாவது இரு மடங்காக) கூட்டித் தரும். கண்ணாடி நல்லதாக இருந்தால் பயன் உண்டு. மலிவானவற்றில் ஓரங்கள் கரைந்துபோகின்றன. அதைவிட, கண்ணாடியில்லாத அடாப்டரில் மாட்டி, சிறிய சென்சரில் படம் நெருக்கமாகத் தெரிவதை ஏற்றுக்கொள்வதே மேல்.

இனி தடிமனுக்கு வருவோம். நான் முதலில் வாங்கிய எம்42 அடாப்டரில் ஹீலியோஸ் 44-2 என்ற பழைய லென்ஸைச் சோனி கேமராவில் மாட்டி, மாடியிலிருந்து தொலைவில் இருந்த செல்போன் கோபுரத்தைப் பார்த்தேன். ஃபோகஸ் வளையம் கடைசிவரை போய் முட்டிக்கொண்ட பிறகும், கோபுரத்தின் குறுக்குக் கம்பிகள் ஒன்றோடொன்று ஒட்டியே தெரிந்தன. எதிர்வீட்டுக் கொடியில் காய்ந்த துணியோ நூல் தெரியும் அளவுக்குத் துல்லியமாக இருந்தது. லென்ஸ்தான் பழுது என்று ஒரு வாரம் நம்பிக்கொண்டிருந்தேன். பிறகு லேத் பட்டறை வைத்திருக்கும் நண்பரிடம் வெர்னியர் என்ற நுண்ணளவுக் கருவியை வாங்கி அளந்தபோது, அடாப்டரின் தடிமன் 27.58 மி.மீ. என்று வந்தது. இருக்க வேண்டியதைவிட 0.12 மி.மீ. கூடுதல்.

இந்த நூலளவு பிசகு என்ன செய்யும் என்பதைக் கணக்கிட்டே பார்க்கலாம். குவிய தூரத்தின் (லென்ஸில் மி.மீ.யில் எழுதியிருக்கும் எண்) வர்க்கத்தை, கூடுதலாக இருக்கும் தடிமனால் வகுத்தால், அந்த லென்ஸ் அதிகபட்சம் எவ்வளவு தொலைவுக்கு ஃபோகஸ் ஆகும் என்பது ஏறக்குறையக் கிடைத்துவிடும். ஹீலியோஸின் குவிய தூரம் 58 மி.மீ.; 58-ஐ 58-ஆல் பெருக்கி 0.12-ஆல் வகுத்தால் சுமார் 28,000 மி.மீ., அதாவது 28 மீட்டர். கோபுரம் அதற்கு அப்பால் இருந்தது, துணிக்கொடி இப்பால். அதே அடாப்டரில் அகன்ற காட்சியைக் காட்டும் 28 மி.மீ. வைட் லென்ஸை மாட்டியிருந்தால் ஆறரை மீட்டரைத் தாண்டி எதுவுமே தெளிவாகியிருக்காது. தொலைவை நெருக்கிக் காட்டும் 200 மி.மீ. டெலி லென்ஸாக இருந்தால் 330 மீட்டர் வரை போயிருக்கும். குறையே கண்ணில் பட்டிருக்காது. பலர் சொல்வதற்கு மாறாக, அடாப்டரின் துல்லியத்தை அதிகம் சோதிப்பவை டெலி லென்ஸ்கள் அல்ல, வைட் லென்ஸ்கள்தான்.

இதற்குப் பயந்தே தயாரிப்பாளர்கள் பலர் அடாப்டரை வேண்டுமென்றே சற்று மெலிதாகச் செய்கிறார்கள். அப்போது ஃபோகஸ் வளையத்தின் கடைசியில் உள்ள இன்ஃபினிட்டி (∞) குறிக்குச் சற்று முன்பாகவே தொலைதூரம் தெளிவாகிவிடும். வளையத்தில் எழுதியிருக்கும் மீட்டர் கணக்கை நம்ப முடியாது என்பதைத் தவிர 50 மி.மீ. லென்ஸில் பெரிய இழப்பில்லை. ஆனால் ஃபோகஸ் தூரத்துக்கேற்ப உட்கண்ணாடிகள் தனித்தனியே நகரும்படி வடிவமைக்கப்பட்ட வைட் லென்ஸ்களில், அடாப்டர் மெலிந்தால் அந்த நகர்வு தப்பான இடத்தில் நிகழ்ந்து ஓரங்கள் கெடுகின்றன. மெலிந்த அடாப்டருக்கு மருந்து உண்டு: இரண்டு பாகங்கள் சேரும் இடத்தைத் திறந்து, இடைவெளியை நிரப்பும் மெல்லிய பித்தளைத் தகட்டை (ஷிம்) வளையமாக வெட்டி வைக்கலாம். தடித்ததற்கு வீட்டில் மருந்து இல்லை. உப்புத்தாளில் தேய்த்துச் சரிசெய்கிறேன் என்று இறங்கினால் ஒரு பக்கம் அதிகம் தேய்ந்து சாய்ந்துவிடும், அது முதல் குறையைவிடக் கொடியது. திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

அளக்கும்போது, பின்புறம் நீட்டியிருக்கும், கேமராவில் பூட்டிக்கொள்ளும் பயனெட் நாக்குகளை விட்டுவிட்டு, கேமராவில் அமரும் தட்டையான முகப்பிலிருந்து லென்ஸ் அமரும் முகப்பு வரை அளக்க வேண்டும். ஓரிடத்தில் அளந்து நிறுத்தாமல் கடிகாரத்தின் 12, 3, 6, 9 ஆகிய நான்கு இடங்களில் அளந்தால், சாய்வு இருக்கிறதா என்பதும் தெரிந்துவிடும். வெர்னியர் இல்லாதவர்கள் விரித்த செய்தித்தாள் ஒன்றைச் சுவரில் ஒட்டி, கேமராவை நேர் எதிரே முக்காலியில் நிறுத்தி, அபெர்ச்சரை முழுக்கத் திறந்து படம் எடுத்துப் பார்க்கலாம்: இடது ஓரத்து எழுத்து தெளிவாகவும் வலது ஓரத்து எழுத்து மங்கலாகவும் இருந்தால், கேமராவைச் சரியாக நிறுத்தியிருக்கும் பட்சத்தில், அடாப்டரோ லென்ஸோ சாய்ந்திருக்கிறது. வேறொரு லென்ஸை மாட்டியும் அதே பக்கம் மங்கினால் குற்றவாளி அடாப்டர்தான்.

பொருத்தும்போது முதலில் அடாப்டரை லென்ஸில் மாட்டி, பிறகு இரண்டையும் சேர்த்துக் கேமராவில் மாட்டுவது நல்லது. சென்சர் திறந்திருக்கும் நேரம் குறையும், தூசியும் குறையும். சோனியில் வலஞ்சுழியாகத் திருப்பினால் பூட்டும். நிக்கான் லென்ஸ் அதற்கு எதிராக, இடஞ்சுழியாகத் திருப்பினால்தான் பூட்டும். பழக்கதோஷத்தில் மறுபக்கம் முறுக்கிவிட வேண்டாம். எம்42 லென்ஸைத் திருகும்போது முழுபலத்தையும் காட்டக் கூடாது, மெல்ல முட்டியதும் நிறுத்த வேண்டும். இறுகிப்போன லென்ஸை அடாப்டரிலிருந்து கழற்றுவது ஊறுகாய் ஜாடி மூடியைக் கழற்றுவதைவிடச் சிரமமானது. திருகி முடித்த பிறகு எண்கள் மேலே வராமல் பக்கவாட்டில் நின்றால், அடாப்டரின் பக்கத்தில் தலையில்லாத மூன்று சிறு திருகுகள் (கிரப் ஸ்க்ரூ) உள்ளனவா என்று பாருங்கள். இருந்தால், அவற்றைத் தளர்த்தி உள்வளையத்தைத் திருப்பி, எண்களை மேலே கொண்டுவந்து மீண்டும் முடுக்கலாம்.

அடுத்தது கேமராவின் மெனு. மின்தொடர்பில்லாத அடாப்டரை மாட்டினால், லென்ஸே இல்லை என்று கேமரா நினைத்துக்கொண்டு ஷட்டரை விட மறுக்கலாம். சோனியில் ‘ரிலீஸ் வித்தவுட் லென்ஸ்’, ஃபியூஜியில் ‘ஷூட் வித்தவுட் லென்ஸ்’ என்ற அமைப்பை இயக்கிவிட வேண்டும். கேமராவுக்குள் அசைவு தடுப்பு இருந்தால், லென்ஸின் குவிய தூரத்தைக் கையால் பதிவது கட்டாயம், 58 மி.மீ. லென்ஸை மாட்டிவிட்டு, முன்பு பதிந்த 135-ஐ அப்படியே விட்டிருந்தால், தடுப்பே படத்தை ஆட்டிக் கெடுக்கும். ஏபிஎஸ்-சி கேமராவிலும் லென்ஸில் எழுதியிருக்கும் எண்ணையே பதிய வேண்டும், 1.5-ஆல் பெருக்கக் கூடாது. ஒளியுணர்வைக் கேமராவே தேர்ந்தெடுக்கும் ஆட்டோ ஐஎஸ்ஓ பயன்படுத்துபவர்கள், குறைந்தபட்ச ஷட்டர் வேகத்தை 1/125 என்று தாமே வைத்துக்கொள்வது பாதுகாப்பானது.

ஃபோகஸ் செய்யப் பலரும், தெளிவான விளிம்புகளை நிறக் கோடுகளால் காட்டும் பீக்கிங் வசதியை நம்புகிறார்கள். துளை சிறியதாகும் எஃப் 5.6-இலும் அதைவிடப் பெரிய எண்களிலும் அது போதும். துளை அகன்றிருக்கும் எஃப் 2-இல் போதாது. முகம் முழுவதும் சிவப்புக் கோடுகள் ஒளிரும், எடுத்துப் பார்த்தால் காது தெளிவாகவும் கண் மங்கலாகவும் இருக்கும். திரையைப் பெரிதாக்கிக் காட்டும் வசதியைக் கட்டைவிரலுக்கு எட்டும் பொத்தான் ஒன்றில் அமைத்து, கண்ணிமையைப் பெரிதாக்கிப் பார்த்து, வளையத்தை மெல்ல இருபுறமும் அசைத்து நிறுத்துவதே நம்பத் தகுந்த வழி. ஹீலியோஸ் 44-2 போன்ற லென்ஸ்களில் இரண்டு அபெர்ச்சர் வளையங்கள் இருப்பது இதற்காகவே: முதல் வளையத்தில் எஃப் 5.6 என்று வரம்பு வைத்துவிட்டால், இரண்டாவது வளையத்தை முழுக்கத் திறந்து ஃபோகஸ் செய்துவிட்டு, எண்ணைப் பார்க்காமலே வரம்பு வரை மூடலாம். ஒளி அளவை அபெர்ச்சர் முன்னுரிமை முறையில் கேமராவே பார்த்துக்கொள்ளும்.

லைக்கா எம் மவுண்ட்டின் தூரம் 27.8 மி.மீ. மட்டுமே என்பதால், அந்த வகை வைட் லென்ஸ்களின் பின்கண்ணாடி சென்சருக்கு மிக அருகில் வந்து, ஓரத்து ஒளி மிகவும் சாய்ந்து விழுகிறது. ஃபிலிமுக்கு அது பொருட்டில்லை. சென்சரின் மேலிருக்கும் கண்ணாடித் தகடு அந்தச் சாய்வைத் தாங்காமல் மூலைகளை இழுத்துப் பூசியதுபோல் ஆக்கிவிடும். 50 மி.மீ.யில் பெரிதாகத் தெரியாது. 28-க்குக் கீழே, எஸ்எல்ஆர் காலத்து வைட் லென்ஸ்களே மிரர்லெஸ்ஸுக்குப் பொருத்தமானவை என்பது என் கருத்து.

வானம் வெளுத்திருக்கும்போது படத்தின் நடுவில் மட்டும் சாம்பல் பூத்ததுபோல் தெரிந்தால், அடாப்டரின் உட்சுவர் பளபளக்கிறதா என்று பாருங்கள். கருப்பு வெல்வெட் தாளை அளவாக வெட்டி உள்ளே ஒட்டினால் அந்தக் குறை பெருமளவு தீர்ந்துவிடும். இழை உதிராத தாளாக இருக்க வேண்டும். கனமான 200 மி.மீ. லென்ஸ் என்றால், முக்காலியில் கேமராவைத் திருகாமல், முக்காலியில் திருகுவதற்கான கால் வைத்த அடாப்டர் வாங்கி அதைத் திருக வேண்டும்.

இன்று என் ஒவ்வொரு லென்ஸுக்கும் தனி அடாப்டர் இருக்கிறது. கழற்றுவதே இல்லை, பின்னால் சோனி மூடி போட்டு வைத்துவிடுகிறேன். அளந்த தடிமனை அடாப்டரின் வெளிப்புறத்தில் வெள்ளை மையால் எழுதியிருக்கிறேன். ஹீலியோஸில் இருப்பது 27.44. கோபுரத்தின் கம்பிகள் இப்போது எண்ணக் கூடியதாகத் தெரிகின்றன.