உறையில் முகவரி எழுதுவது எப்படி? இயந்திரம் ஒரே பார்வையில் படிக்க

டெல்லி, கொல்கத்தா போன்ற ஊர்களின் பெரிய பிரிப்பு மையங்களில் கடிதங்கள் பெல்ட்டில் வரிசையாக ஓடும். கேமரா ஒவ்வொன்றையும் படம் எடுக்கும், கணினி பின்கோடைப் படிக்கும், கடிதம் அந்த ஊருக்கான தட்டில் விழும். படிக்க முடியாதவை தனியே ஒதுங்கி, கையால் பிரிப்பவர்களிடம் போகும். தாமதம் அங்கே தொடங்குகிறது. முகவரியைச் சரியாக எழுதினால் அந்த ஒதுக்கலைப் பெரும்பாலும் தவிர்த்துவிடலாம்.

படி 1: பின்கோடைத் தேடி உறுதிசெய்யுங்கள்

பின்கோடு 1972 ஆகஸ்ட் 15-இல் வந்தது. 625001-ஐ எடுத்துக்கொள்வோம். முதல் இலக்கம் 6 தென்மண்டலம், முதல் மூன்றும் சேர்ந்து 625 என்றால் மதுரைப் பக்கம், கடைசி மூன்று இலக்கங்கள் பட்டுவாடா செய்யும் அஞ்சலகம். முதல் மூன்றில் ஒன்று தவறினால் கடிதம் வேறு ஊருக்கே போய்விடும். இயந்திரம் ஊர்ப் பெயரைவிட எண்ணைத்தான் நம்புகிறது. கடைசி மூன்றில் தவறினால் பக்கத்து அஞ்சலகத்துக்குப் போய்த் திரும்ப அனுப்பப்படும், ஓரிரு நாள் வீண்.

'சென்னை-4' என்று எழுதும் பழக்கம் இன்னும் பலரிடம் இருக்கிறது. அஞ்சல்காரருக்கு அது மயிலாப்பூர் என்று புரியும். இயந்திரத்துக்கு 600004 என்று ஆறு இலக்கமும் வேண்டும்.

கிராம முகவரியில் இன்னொரு சிக்கல். பல கிளை அஞ்சலகங்கள் ஒரே பின்கோடில் இருக்கும். எண் கடிதத்தை அந்தப் பகுதி வரைக்கும் கொண்டுபோகும், அதற்குப் பிறகு எந்தக் கிளை என்று சொல்ல வேண்டியது நீங்கள். 'புதூர்' என்று மட்டும் எழுதினால் எந்தப் புதூர் என்று எப்படித் தெரியும்? ஊர்ப் பெயரோடு அஞ்சல், வட்டம், மாவட்டம் மூன்றையும் எழுதுங்கள். அஞ்சல்துறை இணையதளத்தின் பின்கோடு தேடலில் ஊர்ப் பெயரைக் கொடுத்தால் கிளையின் பெயரும் எண்ணும் கிடைக்கும்.

படி 2: வரிகளை அடுக்குங்கள்

பெறுபவர் பெயர்
புதிய எண் (பழைய எண்)
கச்சேரி சாலை
மயிலாப்பூர்
சென்னை 600004

எல்லா வரியும் இடப்பக்கம் ஒரே நேர்கோட்டில் தொடங்கட்டும். ஒவ்வொரு வரியையும் கொஞ்சம் தள்ளித் தள்ளிப் படிக்கட்டுபோல் எழுதுவது பழைய பாணி, அதை விட்டுவிடுங்கள். சிதறிக் கிடக்கும் வரிகள் ஒரே முகவரியைச் சேர்ந்தவை என்று கணினிக்குத் தெரியாமல் போகலாம். ஊரும் பின்கோடும் கடைசி வரி. அதன் கீழே 'அவசரம்', செல்பேசி எண் எதுவும் வேண்டாம். பத்து இலக்கச் செல்பேசி எண்ணைப் பின்கோடுக்கு அருகில் எழுதினால் குழப்பம்தான், பெயருக்குப் பக்கத்தில் எழுதுங்கள். மாநிலப் பெயரை மாவட்டத்தோடு ஒரே வரியில் சேர்க்கலாம். வெளிமாநிலத்துக்கு அனுப்பும்போது முகவரியை ஆங்கிலத்திலோ அந்த ஊர் மொழியிலோ எழுதுங்கள்.

படி 3: இலக்கங்கள்

பெரும்பாலான கோளாறு இங்கேதான். இலக்கங்கள் ஒன்றையொன்று தொடக்கூடாது. 0-வை முழுதாக மூடுங்கள், 1-க்குக் கொக்கி போடாதீர்கள் (7 என்று படிக்கப்படும்), 6-இன் வளையம் திறந்திருக்கக்கூடாது. பின்கோடின் அடியில் இரட்டைக் கோடு போடுவதை நிறுத்துங்கள். கோடு இலக்கத்தைத் தொட்டால் 1 என்பது 2 போல மாறித் தெரியும். அஞ்சலட்டை, உள்நாட்டுக் கடிதத்தில் ஆறு கட்டங்கள் அச்சிட்டிருக்கும், ஒரு கட்டத்துக்கு ஒரு இலக்கம், கோட்டைத் தொடாமல்.

வெள்ளை உறையில் கறுப்பு அல்லது நீலப் பேனா. பழுப்பு உறையில் சிவப்பு மை, பளபளக்கும் ஜெல் பேனா வேண்டாம். வழவழப்பான உறையில் மை காயுமுன் தேய்ந்துவிடும். அச்சிடுவதானால் 10 முதல் 12 புள்ளி அளவில், சாய்வில்லாத எளிய எழுத்துரு போதும்.

படி 4: இடம்

சர்வதேச அஞ்சல் ஒன்றிய அளவின்படி முகவரிக்கு மேலே 40 மி.மீ., வலமும் கீழும் குறைந்தது 15 மி.மீ. வெற்றிடம் விடுங்கள். தபால்தலை வலது மேல் மூலையில்.

அனுப்புநர் முகவரியை இடது கீழ் மூலையில் எழுதுவது நம் வழக்கம். பெறுநர் முகவரியும் அதே உயரத்தில் இருந்தால் ஒரே வரிசையில் இரண்டு பின்கோடுகள் தெரியும், கடிதம் உங்களிடமே திரும்பி வரக்கூடும். உறையின் பின்பக்கம் எழுதுவதே என் பரிந்துரை. முன்பக்கம்தான் வேண்டும் என்றால் இடது மேல் மூலையில், சிறிய எழுத்தில். ஸ்பீடு போஸ்ட் என்றால் கவுன்டரில் பார்கோடு ஒட்டுவார்கள், அதற்கும் முன்பக்கத்தில் இடம் விடுங்கள்.

ஜன்னல் உறையா (உள்ளே தாளில் உள்ள முகவரி வெளியே தெரியும்படி முன்பக்கம் திறப்பு உள்ள உறை)? உள்ளே தாள் நகரும். ஒட்டியபின் நான்கு பக்கமும் தட்டிப் பாருங்கள். எந்தப் பக்கம் தட்டினாலும் பின்கோடு முழுதாகத் தெரிய வேண்டும்.

படி 5: உறை

சாதாரணக் கடிதத்துக்கு 90 × 140 மி.மீ.-க்குக் குறையாமலும் 120 × 235 மி.மீ.-க்கு மிகாமலும், 5 மி.மீ.-க்கு மேல் தடிமன் இல்லாமலும் பாருங்கள். ஸ்டேப்லர் பின், கிளிப், நாணயம், பேனா உள்ளே இருந்தால் உருளைகளில் சிக்கி உறை கிழியும். முகவரியின் மேல் செல்லோடேப் ஒட்டாதீர்கள். விளக்கு வெளிச்சம் பட்டுப் பளபளக்கும், கேமராவுக்கு எழுத்தே தெரியாது.