வேர்ட் கோப்பு வேண்டாம், பிடிஎஃப் ஏற்றுங்கள்

எங்கள் வாசகர் வட்டத்தின் 16 பக்கக் காலாண்டு மடலை நான்தான் வேர்டில் வடிவமைக்கிறேன். முதல் இதழை வேர்ட் கோப்பாகவே தளத்தில் ஏற்றிவிட்டேன். மறுநாள் ஒரு வாசகர் தொலைபேசியில் அழைத்து, "கட்டம் கட்டமாகத் தெரிகிறதே, குறுக்கெழுத்துப் போட்டியா?" என்று கேட்டார். நான் பயன்படுத்திய எழுத்துரு அவர் கணினியில் இல்லை. வேர்ட் கோப்பு, திறக்கும் கணினியில் இருக்கும் எழுத்துருவைக் கொண்டு பக்கத்தை ஒவ்வொரு முறையும் புதிதாக அடுக்குகிறது. பிடிஎஃப் தன் எழுத்துருவையும் மூட்டை கட்டிக்கொண்டு வருகிறது. அடோபி 1993இல் வெளியிட்ட இந்த வடிவம் 2008இல் ஐஎஸ்ஓ 32000 என்ற பொதுத் தரமும் ஆகிவிட்டது.

மாற்றும் முன் இரண்டு வேலைகள். பக்க அளவு ஏ4தானா என்று பாருங்கள். பல கணினிகளில் அது லெட்டர் அளவிலேயே கிடக்கும், 297 மி.மீ. உயரத்துக்குப் பதில் 279 மி.மீ. அடுத்து, தலைப்புகளைத் தடித்த எழுத்தாக்கினால் மட்டும் போதாது, 'ஹெடிங்' பாணியைக் கொடுங்கள். அந்தத் தலைப்புகளே பிடிஎஃப்பின் ஓரத்தில் சொடுக்கக்கூடிய பொருளடக்கமாக மாறும்.

மாற்றுவதற்கு அச்சிடும் கட்டளை வழியாகப் போகாதீர்கள். காகிதத்துக்கு இணைப்பு எதற்கு என்று அது இணைப்புகளையும் பொருளடக்கத்தையும் உதறிவிடும். 'சேவ் ஆஸ்' சென்று பிடிஎஃப் தேர்ந்தெடுத்து, 'ஆப்ஷன்ஸ்' பொத்தானை அழுத்துங்கள். தலைப்புகளிலிருந்து புத்தகக்குறிகளை உருவாக்கும் கட்டத்தையும், திரைவாசிப்பான் (திரையில் உள்ளதை வாசித்துக் காட்டும் மென்பொருள்) பயன்படுத்துவோருக்கான கட்டமைப்புக் குறிகள் கட்டத்தையும் தேர்வு செய்யுங்கள். வேர்டுக்கு மாற்றான இலவச மென்பொருள் லிப்ரேஆபீஸில் 'எக்ஸ்போர்ட்' வழியில் இதே வசதிகள் உண்டு. படங்களின் தெளிவைக் குறைக்கும் இடமும் அங்கேயே இருக்கிறது. அச்சுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டும், திரையில் படிக்க 150 தாராளம்.

தமிழில் எழுதுகிறவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இனிமேல்தான் வருகிறது. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டிய பக்கம் பார்ப்பதற்கு அச்சு அசலாக இருக்கும். ஆனால் உள்ளே இருப்பவை ரோமன் எழுத்துகள். தேடுபொறிக்கு அது வெறும் உளறல். தமிழ் எழுத்துகளுக்கெனத் தனிக் குறியீடு தரும் யூனிகோடுக்கு மாற்றிய பிறகே பிடிஎஃப் செய்யுங்கள். இன்னொரு வில்லங்கம்: சில எழுத்துருக்களைப் பிடிஎஃப்புக்குள் பொதிய அவற்றின் உரிமம் இடம் தராது. அப்போது வேர்ட் சத்தமில்லாமல் அந்த எழுத்துகளைப் படமாக்கிவிடும். கூகுளின் இலவச நோட்டோ வரிசை எழுத்துருக்களில் இந்தத் தொல்லை இல்லை.

ஆகவே மெய்ப்புத் திருத்துவது போலவே இதையும் சோதியுங்கள். அக்ரோபேட் ரீடரில் கோப்பின் பண்புகளைத் திறந்து எழுத்துருப் பட்டியலைப் பாருங்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே 'எம்பெடட்' (பொதியப்பட்டது) என்று இருக்க வேண்டும். பிறகு நடுவிலிருந்து ஒரு பத்தியை நகலெடுத்து வெற்றுக் கோப்பில் ஒட்டுங்கள். கொம்பு இடம் மாறி 'கொடி' சிதைந்து விழுந்தால், தேடுகிற வாசகருக்கும் அந்தச் சொல் கிடைக்காது. எழுத்துருவை மாற்றி மறுபடி செய்து பாருங்கள். எனக்கு ஒரு தடவை மூன்றாம் முயற்சியில்தான் சரியாக வந்தது.

ஏற்றும் முன் மானத்தைக் காப்பாற்றும் ஒரு பார்வையும் தேவை. ஓர் இதழில், "இந்தக் கவிதையை எப்படியாவது தவிர்க்க முடியுமா?" என்ற என் ஓரக்குறிப்பு கவிஞர் கண்ணில் படும்படியே வெளியாகிவிட்டது. வேர்ட் குறித்துக் காட்டும் திருத்தங்களை ஏற்றுக்கொண்டு, ஓரக்குறிப்புகளை நீக்கிய பின்னரே மாற்றுங்கள். தொலைபேசி எண்ணின் மேல் கறுப்புப் பட்டை போட்டு மறைப்பதும் பலிக்காது. பட்டைக்கு அடியிலிருந்து எண்ணை நகலெடுத்துவிடலாம். எண்ணையே அழித்துவிடுங்கள்.

கோப்பின் பெயர் சிறிய ஆங்கில எழுத்துகளில், இடைவெளியின்றி இருக்கட்டும். தமிழில் வைத்தால் இணைய முகவரியில் 'தமிழ்' என்ற ஒரு சொல்லே 45 குறிகளாக நீண்டுவிடும். சுட்டியை 'இங்கே சொடுக்கவும்' என்று மொட்டையாக விடாமல், இதழின் பெயரையும் 'பிடிஎஃப், 2 எம்பி' என்ற அளவையும் எழுதுங்கள். பிழை கண்டு திருத்தினால் அதே பெயரில் ஏற்றுங்கள். பழைய இணைப்பு வைத்திருப்பவர்களுக்கும் புதியதே திறக்கும். உங்கள் உலாவி மட்டும் பழையதையே காட்டக்கூடும், ஒருமுறை புதுப்பித்துப் பாருங்கள்.